வெளிநாட்டில் டாக்டருக்குப் படித்தால் நம் ஊரில் வைத்தியம் பார்க்க முடியுமா?



பிளஸ் டூ ரிசல்ட் வந்தாலும் வந்தது, கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வருகிற உறுப்பினர்கள் பலரும் கையில் ஒரு வழவழப்பான நோட்டீஸோடுதான் வருகிறார்கள். "மகளை ஜார்ஜியாவுக்கு டாக்டர் படிக்க அனுப்பலாம்னு இருக்கோம், குழுவுல கடன் கிடைக்குமா?" என்று ஒருவர். "பிலிப்பைன்ஸ்ல சீட் வாங்கித் தர்றேன், முன்பணம் ஐம்பதாயிரம் கட்டுங்கன்னு ஒருத்தர் வீடு தேடி வந்து சொல்லிட்டுப் போறாரு, நம்பலாமாக்கா?" என்று இன்னொருவர். ஒரு குழுவில் உள்கடன் கேட்டு தீர்மான நோட்டில் எழுதுகிற வரைக்கும் போய்விட்டார்கள்.

கடன் கிடைக்குமா என்பது இரண்டாவது கேள்வி. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அங்கே படிச்சு முடிச்சு வந்த பிள்ளையை, இங்கே டாக்டராகத் தொழில் பார்க்க விடுவார்களா? இந்தக் கேள்வியை நம்மில் நிறைய பேர் கேட்பதே இல்லை. பட்டம் வாங்கிட்டா டாக்டர்தானே என்று நினைத்துக்கொள்கிறோம். அது அப்படி இல்லை. ஆகவே இந்த மாதம் இதையே கொஞ்சம் விவரமாகப் பார்த்துவிடுவோம். சட்டம், ஆணையம் என்று வரும். பயப்பட வேண்டாம், பொறுமையாகப் படித்தால் புரியும். படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு ஊக்குநர்கள் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள்.

பட்டம் வேறு, பதிவு வேறு

டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டப் பழகுகிறோம். பழகி முடித்ததும் அவர்கள் ஒரு சான்று கொடுத்தாலும் அதை வைத்து ரோட்டில் ஓட்ட முடியுமா? ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கினால்தான் ஓட்டலாம். மருத்துவமும் அப்படித்தான். கல்லூரி கொடுப்பது பட்டம். நோயாளியைத் தொட்டுப் பார்த்து, மருந்து எழுதிக் கொடுக்க அனுமதி தருவது மருத்துவ கவுன்சிலின் பதிவு. நம் மாநிலத்தில் அந்தப் பதிவைச் செய்வது சென்னையில் இருக்கும் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். இந்தியா முழுவதுக்கும் விதிகள் போடுவது டெல்லியில் உள்ள தேசிய மருத்துவ ஆணையம். முன்பு இந்திய மருத்துவக் கவுன்சில் என்று ஒன்று இருந்தது. அதைக் கலைத்துவிட்டு 2020 செப்டம்பரில் இந்த ஆணையத்தைக் கொண்டு வந்தார்கள்.

நம் நாட்டுக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்த பிள்ளைக்குப் பதிவு கிடைப்பதில் பெரிய சிக்கல் கிடையாது. வெளிநாட்டில் படித்த பிள்ளைக்குத்தான் படிப்படியாக நிறைய நிபந்தனைகள். ஒரு காலத்தில் ரஷ்யா போய்ப் படித்து வந்தவர்கள் இவ்வளவு சிரமம் இல்லாமல் பதிவு செய்துகொண்டார்கள். 2001-ல் சட்டத்தைத் திருத்தி, 2002 முதல் ஒரு தகுதித் தேர்வை வைத்தார்கள். அதற்குப் பிறகு 2018-ல் நீட் கட்டாயம் ஆனது. 2021 நவம்பர் 18-ம் தேதி புதிய விதிகள் வந்தன. இன்றைக்குப் புதிதாகப் போகிற பிள்ளைக்குப் பொருந்துவது இந்த 2021 விதிகள்தான். "எங்க அக்கா பையன் 2012-ல போனான், எந்தப் பிரச்சினையும் இல்லாம இப்ப கவர்மெண்ட் டாக்டர்" என்று யாராவது சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த வழி வேறு, இப்போது உள்ள வழி வேறு.

விமானம் ஏறுவதற்கு முன்னால்

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்து, அந்தப் பாடங்களில் 50 சதவீதம் வாங்கியிருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்ட, பட்டியல் இன, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 40 சதவீதம் போதும்.

அடுத்தது நீட். "வெளிநாட்டுக்கு நீட் தேவையில்லை" என்று சொல்லும் ஏஜெண்டுகள் இன்னும் இருக்கிறார்கள். வெளிநாட்டுக் கல்லூரி சேர்த்துக்கொள்ளும், உண்மைதான். காசு கட்டினால் ஏன் சேர்க்காது? ஆனால் நீட் தேறாமல் போய்ப் படித்துவிட்டு வந்தால் இங்கே தகுதித் தேர்வு எழுதவே விடமாட்டார்கள். இந்த நிபந்தனையை எதிர்த்து சிலர் வழக்குப் போட்டார்கள். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நீட் கட்டாயம் என்பது சரிதான் என்று சொல்லிவிட்டது. வெளிநாட்டுச் சேர்க்கைக்கு நீட் முடிவு மூன்று ஆண்டு செல்லுபடியாகும். இந்த வருஷம் தேறிய பிள்ளை அடுத்த வருஷம் போவதாக இருந்தாலும் அந்த முடிவையே காட்டலாம்.

இங்கே ஒரு விஷயத்தை மனசு கஷ்டப்பட்டாலும் சொல்லியாக வேண்டும். நீட்டில் தேறுவது வேறு, இங்கே சீட் கிடைக்கிற அளவுக்கு மார்க் வாங்குவது வேறு. 720-க்கு மிகக் குறைந்த மார்க்கில் தட்டுத்தடுமாறித் தேறிய பிள்ளையும் வெளிநாட்டுக்குப் போகலாம். விதி இடம் கொடுக்கிறது. ஆனால் ஆறு வருஷம் கழித்து வந்து எழுதப் போகிற தேர்வு நீட்டைவிடச் சுலபமானது இல்லை. பிள்ளைக்கு ஆசை இருக்கிறதா, இல்லை ஊர் முன்னால் நம்முடைய ஆசைக்காக அனுப்புகிறோமா என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து பிள்ளையோடு பேசிவிடுங்கள்.

அங்கே படிக்கும் காலத்தில்

2021 விதிகளின் முக்கியமான பகுதி இதுதான். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே இவை சரியாக இருக்கிறதா என்று பார்க்காவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. பாதியில் கல்லூரி மாற்றி இந்தியாவுக்கு வந்துவிடலாம் என்பதற்கு விதியில் இடமில்லை.

மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதம், அதாவது நாலரை வருஷம் இருக்க வேண்டும். அதற்கு மேல் 12 மாதம் பயிற்சி, அந்தப் படிப்பைப் படித்த அதே வெளிநாட்டு நிறுவனத்திலேயே செய்ய வேண்டும். ஆக மொத்தம் ஐந்தரை வருஷத்துக்குக் குறையாது. சேர்ந்த நாளிலிருந்து பத்து ஆண்டுக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்றும் இருக்கிறது.

பிலிப்பைன்ஸ் சங்கதி இந்த 54 மாதத்தில்தான் மாட்டிக்கொண்டது. அங்கே முதலில் பி.எஸ். என்று ஒரு படிப்பு, அதன் பிறகுதான் எம்.டி. என்ற மருத்துவப் படிப்பு. அந்த எம்.டி. நான்கு வருஷம், அதாவது 48 மாதம். பி.எஸ். என்பது மருத்துவத்துக்கு முந்தைய படிப்பு, அதை எம்.பி.பி.எஸ். கணக்கில் சேர்க்க முடியாது என்று நம் ஆணையம் சொன்னது. ஏஜெண்டு இரண்டையும் சேர்த்து "ஆறு வருஷ கோர்ஸ்" என்று நோட்டீஸில் போடுவார். கூட்டிப் பார்த்தால் சரியாகத்தான் தெரியும். எந்தப் படிப்பு எத்தனை மாதம் என்று தனித்தனியாகக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

பாடம் நடத்துவது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. சில நாடுகளில் முதல் இரண்டு மூன்று வருஷம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டு, பிறகு அந்த ஊர் மொழிக்கு மாறிவிடுவார்கள். இதை முன்கூட்டியே கேட்க வேண்டும். அதே சமயம் நோயாளிகள் ஆங்கிலம் பேச மாட்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ரஷ்யாவில் வயிற்றுவலி என்று வரும் பாட்டி ரஷ்ய மொழியில்தான் சொல்வார். அந்த மொழி தெரியாத பிள்ளை வார்டில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். மருத்துவம் புத்தகத்தில் பாதி, நோயாளி பக்கத்தில் பாதி. ஆகவே ஆங்கிலத்தில் படித்தாலும் அந்த ஊர் மொழியைப் பேசும் அளவுக்காவது கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

நோயாளிகளைப் பார்த்துக் கற்கும் பயிற்சியைப் பாதி அங்கே, பாதி இந்தியாவில் என்று பிரித்துச் செய்யக் கூடாது. வேறு ஒரு நாட்டில் போய்ச் செய்வதும் கூடாது. படிக்கிற நாட்டிலேயே முழுவதும் செய்ய வேண்டும்.

எல்லாவற்றையும்விடச் சிக்கலான நிபந்தனை ஒன்று இருக்கிறது. எந்த நாட்டில் படித்தார்களோ அந்த நாட்டில் டாக்டராகத் தொழில் செய்யும் உரிமம் கிடைக்கிற தகுதி பிள்ளைக்கு இருக்க வேண்டும். அந்த உரிமமும் அந்த நாட்டுக் குடிமக்களுக்குக் கொடுக்கிற மாதிரியே இருக்க வேண்டும். 'இந்தியாவுக்குப் போய் மட்டும் பார்த்துக்கோ' என்று வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காகத் தனியாகப் போட்ட பட்டம் செல்லாது. சீனாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 நவம்பருக்குப் பிறகு சேருகிறவர்கள் சீனாவில் மருத்துவத் தொழில் செய்யும் உரிமத்துக்குத் தகுதி பெற வேண்டும் என்று 2022-ல் பெய்ஜிங்கில் உள்ள நம் தூதரகமே எச்சரித்தது. அதே அறிவிப்பில் ஒரு கணக்கையும் கொடுத்தார்கள். 2015 முதல் 2021 வரை சீனாவில் படித்த 40,417 பேர் இந்தியாவில் தகுதித் தேர்வு எழுதியதில் 6,387 பேர்தான் தேறினார்கள். நூற்றுக்குப் பதினாறு பேர்.

போரும் நோயும் வந்தால் என்ன ஆகும் என்பதையும் நாம் கண்ணால் பார்த்துவிட்டோம். 2020-ல் கொரோனாவால் சீனாவிலிருந்து வந்த பிள்ளைகள் இரண்டு வருஷத்துக்கு மேல் திரும்பிப் போக முடியாமல் வீட்டில் இருந்து செல்போனில் பாடம் கேட்டார்கள். 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் வந்ததும், நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் உட்பட ஆயிரக்கணக்கானவர்கள் உயிர் பிழைத்தால் போதும் என்று வந்து சேர்ந்தார்கள். நோயாளியைப் பார்க்காமல் செல்போனில் படித்த காலத்தை அப்படியே ஏற்க முடியாது என்றது ஆணையம். விட்டுப்போன வகுப்புகளை நேரில் ஈடுகட்டிச் சான்று கொண்டு வரச் சொன்னார்கள். சிலருக்கு இங்கே ஒரு வருஷப் பயிற்சிக்குப் பதிலாக இரண்டு வருஷம் என்று ஆனது. பிள்ளைகள் மேல் எந்தத் தப்பும் இல்லை. ஆனாலும் வருஷங்கள் போனது அவர்களுக்குத்தான்.

திரும்பி வந்த பிறகு எழுதும் தேர்வு

இப்போது நடக்கும் தேர்வுக்கு எஃப்.எம்.ஜி.இ. என்று பெயர். வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகள் தேர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன், டிசம்பர் பருவங்களில் தேசியத் தேர்வு வாரியம் நடத்துகிறது. கம்ப்யூட்டரில் எழுதும் தேர்வு. மொத்தம் 300 கேள்விகள். காலையில் 150, மதியம் 150. நான்கு விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தப்பான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். 300-க்கு 150 எடுத்தால் பாஸ். எல்லாருக்கும் ஒரே அளவுதான். எம்.பி.பி.எஸ். படிப்பின் 19 பாடங்களிலிருந்தும் கேட்பார்கள்.

கேட்பதற்குப் பாதி மார்க்தானே என்று தோன்றும். 2025 ஜூன் பருவத்தில் சுமார் 36,000 பேர் எழுதினார்கள். தேறியவர்கள் சுமார் 6,700 பேர். ஐந்து பேரில் ஒருவர்கூட முழுசாக வரவில்லை. கடந்த சில வருஷங்களைப் பார்த்தால் ஒரு பருவத்தில் நூற்றுக்குப் பத்து, இன்னொரு பருவத்தில் நூற்றுக்கு முப்பதை ஒட்டி என்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. பல முறை எழுதித் தேறியவர்களும் உண்டு. எழுதிக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. ஒவ்வொரு முறைக்கும் ஆறு மாதம் காத்திருப்பு, கோச்சிங் சென்டர் கட்டணம், வெளியூரில் தங்குகிற செலவு.

இந்தத் தேர்வுக்குப் பதிலாக நெக்ஸ்ட் என்று ஒரே பொதுத் தேர்வு வரும், இங்கே படித்தவர்களும் அங்கே படித்தவர்களும் அதையே எழுத வேண்டும் என்று 2019-ம் ஆண்டுச் சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். 2023 ஜூலையில் அதைத் தள்ளி வைத்தார்கள். இன்றைக்குச் சேருகிற பிள்ளை படித்து முடிக்க ஆறு வருஷம் ஆகும் என்பதால், திரும்பி வரும்போது எந்தத் தேர்வு இருக்கும் என்று யாரும் இன்றைக்கு உறுதி கொடுக்க முடியாது. ஏதாவது ஒரு தேர்வு இருக்கும், அதில் மட்டும் சந்தேகம் வேண்டாம்.

தேர்வில் பாஸ் ஆனதும் முடிந்ததா என்றால், இன்னும் இல்லை. மாநில மருத்துவ கவுன்சிலில் தற்காலிகப் பதிவு வாங்கி, இங்கே உள்ள மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 12 மாதம் பயிற்சி டாக்டராக வேலை செய்ய வேண்டும். வெளிநாட்டில் ஏற்கெனவே ஒரு வருஷம் செய்திருந்தாலும் இங்கேயும் செய்ய வேண்டும். இதற்கு ஒரு கல்லூரியின் மொத்த இடங்களில் ஏழரை சதவீதம் வரைதான் வெளிநாட்டில் படித்தவர்களுக்கு என்று 2022 மார்ச்சில் ஆணையம் வரையறுத்தது. அதனால் பாஸ் ஆன பிள்ளைகளும் இடத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதே சுற்றறிக்கையில் பயிற்சிக்குக் கட்டணம் வாங்கக் கூடாது, இங்கே படித்த பிள்ளைகளுக்குக் கொடுக்கும் உதவித்தொகையை இவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். யாராவது பயிற்சி இடம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டால் இதைச் சொல்லிக் கேளுங்கள். பயிற்சி முடிந்த பிறகுதான் நிரந்தரப் பதிவு. அன்றைக்குத்தான் நம் பிள்ளை டாக்டர்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

நாம் குழுவில் ஆயிரம் ரூபாய் உள்கடனுக்கே தவணை, வட்டி என்று கணக்குப் போடுகிறவர்கள். இதற்கும் போடுவோம். ரஷ்யா, ஜார்ஜியா, கிர்கிஸ்தான், பிலிப்பைன்ஸ் போன்ற இடங்களில் படிப்பு, தங்கும் இடம், சாப்பாடு, விமானம் எல்லாம் சேர்த்து இருபது லட்சத்திலிருந்து நாற்பது லட்சம் வரை ஆகிவிடுகிறது. நோட்டீஸில் முதல் வருஷக் கட்டணத்தை மட்டும் பெரிதாகப் போட்டிருப்பார்கள்.

கட்டணம் பெரும்பாலும் டாலரில். 2014-ல் ஒரு டாலர் சுமார் 60 ரூபாய். 2025-ல் 85-ஐத் தாண்டியது. வருஷம் 4,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் அன்றைக்கு 2 லட்சத்து 40 ஆயிரம், 85 ரூபாய்க் கணக்கில் 3 லட்சத்து 40 ஆயிரம். கல்லூரி ஒரு பைசா ஏற்றாமலே நமக்கு லட்ச ரூபாய் ஏறிவிடும்.

இதில் பத்து லட்சத்தை ஊரில் இரண்டு வட்டிக்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மாதம் 20,000 ரூபாய் வட்டி. வருஷத்துக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். படிப்பு ஐந்தரை வருஷம், தேர்வுக்கு ஒரு வருஷம், இங்கே பயிற்சி ஒரு வருஷம், ஆக ஏழரை வருஷம். வட்டி மட்டும் 18 லட்சம். அசல் பத்து லட்சம் அப்படியே நிற்கும். பதினெட்டு வயசில் போன பிள்ளை இருபத்தைந்து, இருபத்தாறு வயசில்தான் முதல் சம்பளம் வாங்கும். அதுவும் முதல் முறையிலேயே பாஸ் ஆனால்.

வங்கியில் கல்விக் கடன் கேட்கலாம். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பார்கள். மத்திய அரசு ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளின் கல்விக் கடனுக்குத் தரும் வட்டி மானியம் நம் நாட்டுக்குள் படிக்கும் படிப்புக்குத்தான், வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்குக் கிடையாது. "மானியம் உண்டு" என்று சொல்லிக் கையெழுத்து வாங்க வந்தால் கவனமாக இருங்கள்.

குழுக் கடன் விஷயத்தில் எங்கள் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறோம். வங்கி இணைப்பில் வாங்கிய பணம் பதினைந்து பேர் சேர்ந்து பொறுப்பேற்ற பணம். கறவை மாட்டுக்கும் பெட்டிக்கடைக்கும் என்று எழுதி வாங்கி, ஏஜெண்டுக்கு முன்பணமாகக் கொடுத்தால், அந்தப் பணத்துக்கு அடுத்த மாதமே தவணை கட்ட வருமானம் எங்கிருந்து வரும்? இப்படி ஒரு குழுவில் ஓர் உறுப்பினர் கொடுத்துவிட்டு, ஏஜெண்டு கடையைப் பூட்டிக்கொண்டு போனதும், மற்ற பதினான்கு பேர் பத்து மாதம் தவணையைப் பங்கு போட்டுக் கட்டினார்கள். அந்தப் பெண் இன்றைக்கும் கூட்டத்தில் பின்வரிசையில்தான் உட்காருகிறார். அவரை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை, இருந்தாலும்.

ஏஜெண்டு சொல்லும் சொற்கள்

"இது என்.எம்.சி. அங்கீகாரம் பெற்ற கல்லூரி." இதுதான் முதல் சொல். தேசிய மருத்துவ ஆணையம் எந்த வெளிநாட்டுக் கல்லூரியையும் அங்கீகரித்துப் பட்டியல் வெளியிடுவதில்லை. விதிகளைப் போட்டிருக்கிறோம், கல்லூரி அதற்குப் பொருந்துகிறதா என்று மாணவர்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் ஆணையத்தின் நிலை. எங்கே சேரக் கூடாது என்று எச்சரிக்கை மட்டும் அவ்வப்போது வரும். 2025-ல் பெலிஸ், உஸ்பெகிஸ்தான் நாடுகளில் உள்ள சில கல்லூரிகளைப் பற்றி அப்படி எச்சரித்தார்கள். பெலிஸ் என்ற நாடு எங்கே இருக்கிறது என்று எங்களுக்கே வரைபடத்தில் தேடித்தான் தெரிந்தது. மெக்சிகோவுக்குப் பக்கத்தில். அவ்வளவு தூரத்துக்கும் இங்கிருந்து பிள்ளைகள் போயிருக்கிறார்கள்.

"உலக மருத்துவக் கல்லூரிப் பட்டியலில் பெயர் இருக்கிறது" என்பது அடுத்தது. அப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் இருந்தால் அப்படி ஒரு கல்லூரி இருக்கிறது என்றுதான் அர்த்தம், நம் விதிகளுக்குப் பொருந்தும் என்று அர்த்தம் இல்லை.

"நாங்க அரசாங்க லைசென்ஸ் வாங்கின ஏஜென்சி" என்பார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர்களுக்கு மத்திய அரசின் பதிவு உண்டு. அது வேலைக்கு. அதைக் காட்டிப் படிப்புக்கு ஆள் சேர்த்தால் அந்தப் பதிவு நமக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. ரசீது இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம், பிள்ளையின் அசல் சான்றிதழ்களை ஏஜெண்டு கையில் விட வேண்டாம். இந்த இரண்டையும் எல்லா ஊக்குநர்களும் கூட்டத்தில் சொல்லுங்கள்.

எல்லா ஏஜெண்டும் ஏமாற்றுகிறவர் இல்லை. நல்ல கல்லூரியில் சேர்ந்து, கருத்தாகப் படித்து, முதல் முறையிலேயே தேர்வு பாஸாகி, இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் நம்மையே பார்க்கிற டாக்டர்களும் இருக்கிறார்கள். நாம் சொல்வது, கேட்டுத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதுதான்.

இங்கேயே உள்ள ஒரு வழியையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேறிய பிள்ளைகளுக்கு, 2020 முதல் நம் மாநில மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சீட் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. ஒரு வருஷம் கூடுதலாகப் படித்து மறுபடி நீட் எழுத வைப்பதற்கு ஆகும் செலவு, வெளிநாட்டின் முதல் வருஷச் செலவில் சிறு பங்குதான். டாக்டர் ஆகாவிட்டாலும் பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம்., பிசியோதெரபி என்று இங்கேயே மருத்துவத் துறையில் படிப்புகள் உண்டு. சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள தேர்வுக் குழுவின் அறிவிப்பைப் பத்திரிகையில் கவனியுங்கள்.

நோயாளியாகவும் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது

பிள்ளையை அனுப்பாத சகோதரிகளுக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது. தகுதித் தேர்வில் பாஸ் ஆகாதவர்கள் சிலர், வீட்டுக் கடன் நெருக்கும்போது, தனியார் ஆஸ்பத்திரிகளில் ராத்திரி டியூட்டிக்கு நிற்கிறார்கள். பதிவு இல்லாமல் வைத்தியம் பார்ப்பது குற்றம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 2022 டிசம்பரில் சி.பி.ஐ. ஒரு வழக்குப் பதிவு செய்தது. வெளிநாட்டில் படித்த 73 பேர் தேர்வில் பாஸ் ஆகாமலே பல மாநில மருத்துவ கவுன்சில்களில் பதிவு வாங்கிவிட்டார்கள் என்பது அதில் உள்ள குற்றச்சாட்டு. பாஸ் ஆன பிள்ளைகள் எத்தனை வருஷம் கண்விழித்துப் படித்திருப்பார்கள், அவர்களுக்கும் இதனால் கெட்ட பெயர்.

டாக்டர் எந்த நாட்டில் படித்தார் என்று நாம் ஆராய வேண்டியதில்லை. பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கிளினிக்கில் எழுதி வைக்க வேண்டும், மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் அச்சடிக்க வேண்டும் என்பது 2002-லிருந்தே உள்ள விதி. அந்த எண்ணையும் பெயரையும் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். நமக்குத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை செல்போனில் இரண்டு நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிடும்.

நோட்டீஸ் வைத்திருக்கும் உறுப்பினர்கள் பணம் கட்டுவதற்கு முன் ஏஜெண்டிடம் இவற்றுக்குத் தாளில் எழுத்தாகப் பதில் கேளுங்கள்: மருத்துவப் படிப்பு மட்டும் எத்தனை மாதம்? கடைசி வருஷம் வரை எந்த மொழியில் நடத்துகிறார்கள்? ஒரு வருஷப் பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், அது கல்லூரியைச் சேர்ந்ததுதானா? அந்த நாட்டில் டாக்டராகப் பதிவு செய்ய நம் பிள்ளை என்ன தேர்வு எழுத வேண்டும், எந்த மொழியில்? அந்தக் கல்லூரியில் படித்துவிட்டு வந்து இங்கே பாஸ் ஆனவர்கள் யார், அவர்களோடு பேச முடியுமா? வாயால் சொன்னால் போதாது, அவர்கள் லெட்டர் பேடில் கையெழுத்தோடு வேண்டும். கொடுக்க மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். பதில் வாங்கியவர்கள் அடுத்த மாதாந்திரக் கூட்டத்துக்கு அந்தத் தாளையும் பிள்ளையின் நீட் மதிப்பெண் பட்டியலையும் எடுத்து வாருங்கள். பிள்ளையையும் கூட அழைத்து வந்தால் இன்னும் நல்லது. கூட்டமைப்பு அலுவலகத்தில் இணைய வசதி இருக்கிறது. ஆணையத்தின் விதிகளை எடுத்து வைத்து, உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிடலாம்.